வாடையின் மேல் வாடை

எங்கள் வீட்டுக்கு முதல் முறை வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளிப்பார்கள். மார்த்தாண்டத்திலிருந்து மலைப்பக்கம் போகும் சாலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிற வீடு. பின்பக்கம் ஷீட் அடிக்கும் ரோலர், அதை ஒட்டிப் புகை போடும் அறை. மரத்திலும் பால் பிடிக்கிற சிரட்டையிலும் உறைந்து போன ரப்பர் பாலைச் சுரண்டிச் சாக்கில் கட்டி வைப்போம். ஒட்டுப்பால் என்று பெயர். மழையில் நனைந்த ஒட்டுப்பால் சாக்கு நாறுவது போல் வேறு எதுவும் நாறி நான் அறிந்ததில்லை. "இஞ்ச ஏதாவது செத்துக் கிடக்கோ?" என்று வந்தவர்கள் கேட்பார்கள். நாங்கள் சிரிப்போம். எங்கள் மூக்குக்கு அது எட்டுவதே இல்லை.

யாராவது வரப்போகிறார்கள் என்றால் மட்டும் நினைவு வரும். வீட்டில் ஜெபக்கூட்டம் என்றால் புல்தைலம் கலந்த தண்ணீரில் தரையைத் துடைப்போம். அறைகளில் பவுடரைத் தட்டிவிட்டு மின்விசிறியைச் சுழல விடுவோம். ஒரு வாடையை அதைவிடப் பலமான இன்னொரு வாடையால் அமுக்குவது. இங்கே ரப்பர் வைத்திருக்கிற வீடுகளில் எல்லாம் இதுதான் பழக்கம். வாடை என்றால் எங்களுக்கு ஒரு கூச்சம், வந்தவர் என்ன நினைப்பாரோ என்ற கவலை. அது நுரையீரலுக்குள் போகிற ஒரு பொருள் என்று, பள்ளியில் கணக்கு நடத்துகிற நான்கூட, ஒருநாளும் யோசித்ததில்லை.

கார் வாங்கியது போன கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு மாதம் கழித்து. சின்ன வண்டிதான். பள்ளிக்கு ஸ்கூட்டரில் போய்விடுவேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் எப்போதாவது ஆஸ்பத்திரிக்கும் கார். மனைவியின் தம்பி வளைகுடாவில் வேலை பார்க்கிறான். வண்டி எடுத்த செய்தியைக் கேட்டதும் அவன் போனில் கத்திய கத்தல் அடுப்படி வரைக்கும் கேட்டது.

"அத்தான், சீட் கவர் எனக்க வகையாக்கும். நீங்க ஒண்ணும் பேசப்பிடாது. நல்ல தடிச்ச ரெக்ஸினாட்டு போடணும். நான் லீவுக்கு வரும்பம் அதுல இருந்துதான் ஊரு சுத்துவேன்."

மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் போட்டோம். கருப்பும் சிவப்புமாக, உள்ளே பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்தது. கதவுகளின் உட்புறத்திலும் அதே ரெக்ஸினைப் பசை தடவி ஒட்டினார்கள். வேலை முடிந்து கதவைத் திறந்தபோது கண் கரித்தது. நான் அதைச் சொன்னேன்.

கடைக்காரர் சிரித்தார். "சார், இந்த மணத்துக்காகத்தானே ஆளுவ புது வண்டி எடுக்குது. பத்துப் பதினஞ்சு நாளு. கண்ணாடியை எறக்கிப் போட்டா தன்னால போயிரும். மேல கெடக்க பிளாஸ்டிக்கைக் கிழிச்சிரட்டா?"

"வேண்டாம் வேண்டாம்," என்றாள் என் மனைவி. "தம்பி வந்து பார்க்கும்பம் புதுசாட்டு இருக்கணும். அவன் கிழிக்கட்டு."

நானும் சரி என்றேன். கல்ஃபில் வேலை செய்யும் ஒருவன் அனுப்பிய பொருளை அவன் வந்து பார்க்கும்வரை அப்படியே வைத்திருப்பது எங்கள் ஊரில் ஒரு மரியாதை. போர்வை அனுப்பினால் உறையோடு அலமாரியில் இருக்கும். டீ செட் அனுப்பினால் பெட்டியோடு இருக்கும். அவன் வந்து, "இன்னும் எடுக்கல்லியா?" என்று கேட்டு, அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருக்கும். காரின் சீட்டில் அப்படிச் செய்யலாமா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

கண்ணாடியையும் இறக்கிப் போடவில்லை. தோட்டத்துப் பூச்சியும் சருகும் உள்ளே போய்விடும் என்று தகரக் கூரையின் கீழே ஏற்றி மூடியே வைத்தோம். அது கோடைக்காலம். மத்தியானத்தில் அந்தத் தகரத்தைத் தொட முடியாது.

எங்களுக்கு ஒரே மகள். வெகுகாலம் கழித்துப் பிறந்தவள், இப்போது ஐந்தாம் வகுப்பு. கைக்குழந்தையாக இருந்தபோது மூச்சு இழுப்பு இருந்தது. பிறகு தானாகவே அடங்கிவிட்டது, நாங்கள் மறந்தும் போயிருந்தோம். முதல் ஞாயிற்றுக்கிழமையே அவள் சொன்னாள்.

"அப்பா, இந்த வண்டிக்க மணம் எனக்குத் தலைக்குள்ள போவுது."

"புது மணம் மக்களே. போயிரும்."

அடுத்த ஞாயிறு தொண்டை அரிக்கிறது என்றாள். அதற்கடுத்த வாரம் கோயிலில் பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது தலைவலி என்று பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். மனைவி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

"ஒட்டுப்பால் சாக்குக்குப் பக்கத்துல இருந்து வீட்டுப்பாடம் எழுதுன பிள்ளையாக்கும் இது. இப்பம் ரெக்ஸின் மணம் பிடிக்கல்லியாம்! பெரிய ராணி."

எல்லாரும் சிரித்தோம். மகளும் சிரித்தாள். கோயில் வாசலில் இன்னொரு விதமான கேலி. எங்கள் சபை மூப்பர் ஒருவர் காருக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, சீட்டைப் பொதிஞ்சு யாருக்கு அனுப்பப் போறிய? வளைவுல திருப்பும்பம் ஆளு வழுக்கிக் கீழ விழுந்திரப்பிடாது, பாத்துக்கிடுங்க," என்றார்.

மகள் சொல்வது நிற்கவில்லை என்றதும் எங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தோம். மனைவி புல்தைலத்தைத் துணியில் நனைத்துச் சீட்டுக்கடியில் வைத்தாள். நான் ஏசி துவாரத்தில் மாட்டுகிற வாசனை டப்பா ஒன்று வாங்கி வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரென்று மலையிலிருந்து வந்த கிராம்பை ஒரு பையில் கட்டித் தொங்கவிட்டோம். வண்டிக்குள் ஏறினால் ஒரு பலசரக்குக் கடையும் ஒரு பெயின்ட் கடையும் சேர்ந்தது போல இருக்கும். ரெக்ஸின் வாடை போய்விட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். மகள் மட்டும் வண்டி நின்றதும் முதலில் இறங்கி ஓடுவாள். ஒரு தடவை வேலியோரம் குனிந்து நின்று ஓக்காளித்தாள். காரில் போனால் சில பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்று எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

மே மாதம் மைத்துனன் வந்தான். வந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து எல்லாருமாக முட்டம் கடற்கரைக்குப் போவதென்று ஏற்பாடு. அன்றைக்குத் திருவிருந்து ஆராதனை, நேரம் நீண்டுவிட்டது. கார் வெயிலில் நின்றது. வெளியே வந்ததும் அவன் கதவைத் திறந்து உள்ளே பார்த்து, எதிர்பார்த்தபடியே கேட்டான்.

"யக்கா, இன்னும் பிளாஸ்டிக்கைக் கிழிக்கல்லியா?"

"நீ வரட்டும்னுதாம்லே வச்சிருந்தோம்."

அவன் முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் வெறுக்க முடியவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு இரண்டு கையாலும் பிளாஸ்டிக்கைப் பற்றி இழுத்தான். சூட்டில் இளகி ரெக்ஸினோடு ஒட்டியிருந்தது அது. பிசுபிசுவென்று பிரிந்து வந்தது. உள்ளிருந்து கிளம்பிய வாடையில் அவனே ஒரு கணம் முகத்தைத் திருப்பினான். பிறகு, "ஆகா, புது சரக்கு!" என்று சிரித்தான். மூன்று மாதமாக அந்தப் பிளாஸ்டிக்குக்கு அடியில் அடைபட்டிருந்தது அவ்வளவும் அந்த மத்தியானம் வெளியே வந்தது என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு வெயில் என்று மட்டும்தான் பட்டது. கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை முழுதாக வைத்துக் கிளம்பினோம். அவன் ஓட்டினான், நான் முன்னால். பின்னால் மனைவியும் மகளும்.

தக்கலை தாண்டும் முன்பே இருமல் தொடங்கியது. சின்னச் சின்ன வறட்டு இருமல்.

"என்ன மக்களே, மாமனுக்க சீட்டு பிடிக்கல்லியா?" என்றான் மைத்துனன்.

"மாமா, கண்ணாடியை எறக்குங்க."

"வெளிய அனல் அடிக்குது பிள்ளே. ஏசி எல்லாம் வெளிய போயிரும்லா."

"அவளுக்குக் காரு ஒத்துக்கிடாது," என்றாள் மனைவி. தம்பி அன்று காலைதான் அவளுக்குக் கொடுத்திருந்த பச்சைத் தைலக் குப்பி கைப்பையில் இருந்தது. வளைகுடாவிலிருந்து வருகிற எவர் பெட்டியிலும் அது இருக்கும். தலைவலி, சளி, வயிற்றுவலி, பஸ்ஸில் வாந்தி, எல்லாவற்றுக்கும் எங்கள் வீடுகளில் அதுதான். அவள் மகளின் நெஞ்சிலும் கழுத்திலும் தேய்த்து, மூக்கின் கீழும் தொட்டு வைத்தாள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, "நல்லா மூச்சை இழு," என்றாள்.

மகள் இழுத்தாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

திங்கள்நகர் நெருங்கும்போது இருமல் நின்றுவிட்டது. குணமாகிவிட்டதென்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் இரண்டு கைகளையும் சீட்டில் ஊன்றி முன்னால் குனிந்திருந்தாள். தோள்கள் காதுவரை ஏறி ஏறி இறங்கின. தொண்டைக்குழி உள்ளே வாங்கியது. என்னைப் பார்த்தாள். பேச முயன்றாள். "அப்..." என்பதோடு நின்றுவிட்டது.

"வண்டியை நிறுத்துலே!"

கதவைத் திறந்து அவளைச் சாலையோரம் இறக்கினோம். வெளிக்காற்று பட்டால் சரியாகிவிடும் என்று நம்பினேன். ஆகவில்லை. உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. ஒரு மீன்காரப் பெண் சுமையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தாள். "நிக்காதீங்க சார், ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு ஓடுங்க!" என்று அவள் சத்தம் போட்ட பிறகுதான் எனக்குக் கால் அசைந்தது. மறுபடியும் அதே காரில்தான் ஏற்ற வேண்டியிருந்தது. வேறு வண்டி இல்லை. எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி, அவள் தலையை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு மனைவி சத்தமாக ஜெபித்தாள். அது ஜெபமா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை.

திங்கள்நகரில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். நர்ஸ் மகளின் சட்டைப் பொத்தானை அவிழ்த்ததும் பின்வாங்கினார்.

"பிள்ளைக்க மேல என்னத்தத் தேச்சிருக்கிய? எனக்கே கண்ணு எரியுது. தொடச்சு எடுங்க முதல்ல, தொடச்சு எடுங்க!"

ஈரத்துணியால் அவர்கள் அவள் நெஞ்சைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டு மனைவி நின்றாள். அவள் தன் உள்ளங்கைகளைத் தன் சேலையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் தேய்த்தாள்.

அங்கிருந்து ஆம்புலன்ஸில் நாகர்கோவில். தீவிர சிகிச்சை அறையில் வைத்தார்கள். முதல் இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அந்த நாட்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை நிற்கிறது. கண்ணாடிக் கதவு, அதன் வழியே தெரியும் ஒரு சின்னப் பாதம். அதுபோதும்.

அவள் தானாக மூச்சுவிடத் தொடங்கிய பிறகு குழந்தைகள் மருத்துவர் எங்களை அறைக்குள் அழைத்தார். என்னைவிட இளையவர், பொறுமையாகப் பேசினார். நடந்ததைக் கேட்டுக்கொண்டார். பிளாஸ்டிக் விஷயத்தைச் சொன்னபோது மட்டும் தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெக்ஸின், பஞ்சு, பசை, எல்லாத்திலிருந்தும் ஆவி வந்துகிட்டே இருக்கும் சார். சூடு ஏற ஏறக் கூடும். பெரியவங்களுக்குத் தலைவலி, கண் எரிச்சல், குமட்டல், அவ்வளவோட போயிரலாம். ஏற்கெனவே இழுப்பு இருந்த குழந்தைக்கு மூச்சுக்குழல் சுருங்கிரும். அதுக்குமேல வாசனை டப்பா, தைலம் எல்லாம் வேற. பாவம், மூச்சுவிட அவளுக்குச் சுத்தமான காத்தே நீங்க கொடுக்கல்ல."

"அப்பம் சீட் கவர்தானா டாக்டர்?" என்றேன். எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஒரே ஒரு காரணம்.

"அதுதான்னு என்னால சொல்ல முடியாது. எது எவ்வளவு செய்ததுன்னு பிரிச்சுச் சொல்ல ஒரு டெஸ்டும் கிடையாது. ஆனா அவ எத்தனை வாரமா உங்ககிட்ட சொல்லிட்டு இருந்தா?"

மனைவி எழுந்து கதவைத் திறந்தாள். நானும் எழுந்தேன்.

வெளியே வராந்தாவில் மைத்துனன் நின்றிருந்தான். மனைவி நேராக அவனிடம் போனாள். இரண்டு நாளாக அவளுக்குள் இருந்தது அவன்மேல் விழுந்தது.

"உனக்க கவரு! தடிச்ச ரெக்ஸினு! யாருலே கேட்டா உன்கிட்ட?"

அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். அவள் ஓய்ந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்.

"அத்தான், பிள்ளைக்கு ஒத்துக்கிடல்லன்னு போன்ல ஒரு வாக்கு சொல்லியிருந்தா, தூக்கிக் களையுங்கன்னு சொல்லியிருப்பேனே. நான் என்ன நினைப்பேன்னு நீங்களே நினைச்சிட்டு இருந்திட்டிய."

ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் அவனோடு பேசியிருக்கிறோம். மகளும் பேசியிருக்கிறாள். "சீட்டு எப்படி இருக்கு?" என்று அவன் கேட்கும்போதெல்லாம், "நல்லா இருக்குன்னு சொல்லு," என்று மனைவி வாயசைப்பாள். மகள் அப்படியே சொல்வாள்.

மகளை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பு நானும் மைத்துனனும் கவர்களைக் கழற்றினோம். சீட்டுக்கு அடியில் கொக்கிகள், இழுத்துக் கட்டிய நாடாக்கள். வேர்வையில் குளித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அறுத்தோம். கதவில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. பசை போகவில்லை. அடியிலிருந்த துணிச்சீட்டிலும் வாடை ஏறிவிட்டிருந்தது என்றான் மைத்துனன். நான் மூக்கை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் நான் உண்மையாகவே பயந்துபோனேன். என் மூக்கை நம்பி ஒரு பிள்ளையை வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.

கவர்கள் வேலியோரம் கிடந்தன. எரித்தால் அதைவிட மோசம். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் ஆட்டோக்காரர் ஒருவர் வழியில் நிறுத்திக் கேட்டார்.

"சார், நல்ல கவருல்லா? சும்மா மழையில போடுறியளே. ஆட்டோவுக்கு வெட்டித் தச்சுக்கிடுவேன். தாறியளா?"

"இல்ல அண்ணாச்சி, தர முடியாது."

"பைசா வேணும்னா தாறேன்."

விளக்கிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, "ஆட்டோவுக்கு எங்க சார் கதவு, எல்லாம் காத்தோட்டம்தானே," என்றார். அது நியாயம்தான். ஆனாலும் அவர் பின்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தபோது என்னால் முடியவில்லை. கஞ்சப்பயல் என்று அவர் நினைத்திருப்பார். நினைக்கட்டும். கவர்களைக் கத்தியால் கீறி யாருக்கும் பயன்படாதபடி ஆக்கினேன். சாக்கில் கட்டி, கழிவு எடுக்கிற வண்டியில் ஏற்றினேன். அது எங்கே போய்ச் சேரும், யார் பக்கத்தில் போய்க் கிடக்கும் என்பது எனக்குத் தெரியாது.

வீட்டில் இப்போது புல்தைலம் இல்லை, பவுடர் இல்லை. ஒட்டுப்பால் சாக்குகளைத் தோட்டத்தின் கடைசி மூலைக்கு மாற்றிவிட்டேன். வாசலில் வருகிறவர்கள் மூக்கைச் சுளித்தால் சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். மகள் காலையில் எழுந்ததும் மூச்சின் பலத்தை அளக்கிற ஒரு குழலை வாயில் வைத்து ஊதுகிறாள். முள் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். போன வாரம் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்," என்றார். முன்னைப்போல் ஆகிவிடுமா என்று கேட்டேன். ஆகலாம் என்றார். ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அந்த ஒரு சொல் வித்தியாசத்தோடு நாங்கள் வீடு திரும்பினோம். பஸ்ஸில்தான். அந்தக் காரில் அவள் இனி ஏறமாட்டாள். நாங்களும் ஏறச் சொல்வதில்லை.

லீவு முடிந்து மைத்துனன் புறப்பட்ட நாள் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வாடகை வண்டி வெளியே நின்றது. எப்போதும் அவன் புறப்படும்போது மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்குவான். அவள் வளர்ந்த பிறகும் அது நிற்கவில்லை. அன்றைக்கு வாசல்படியில் ஏறியவன் பாதியில் நின்றான். தன் சட்டைக் காலரை இழுத்து முகர்ந்து பார்த்தான்.

"மக்களே, மாமன்மேல மணம் ஏதும் வருதா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். அம்மாவைப் பார்த்தாள். மனைவி வாயைத் திறக்கவில்லை, முகத்தாலும் ஒன்றும் காட்டவில்லை.

"லேசாட்டு வருது மாமா," என்றாள் மகள்.

"செரி மக்களே," என்றான் அவன். "நல்லதாச்சு, சொன்னியே." ஏறிய படிகளில் பின்பக்கமாகவே இறங்கினான். முற்றத்தில் நின்று கையை ஆட்டினான். அவள் வாசலில் நின்று ஆட்டினாள். இருவருக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச இடத்தில் யாரும் போய் நிற்கவில்லை.